ஏறவும் இதுதான், இறங்கவும் இதுதான்!

திருவனந்தபுரம் தம்பானூரில் குடியிருப்பவனுக்கு இரண்டு சைக்கிள் என்பது நடக்காத காரியம். ரயில் நிலையமும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டும் கூப்பிடு தூரம். லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு சந்து, இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. கட்டிலும் பீரோவும் போக மிச்சமிருக்கும் சுவரில் ஒரு வண்டியைத்தான் சாத்தி வைக்க முடியும். அந்த ஒன்று மலையும் ஏற வேண்டும், பைக் பார்க்கில் குதித்தும் இறங்க வேண்டும் என்றால் எதை வாங்குவது?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னால் 150, பின்னால் 135 மில்லிமீட்டர் டிராவல் உள்ள, 29 இஞ்ச் சக்கரம் போட்ட டிரெயில் பைக். என்னிடம் இருப்பது ஜயன்ட் டிரான்ஸ் எக்ஸ். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆபீசில் ஏற்கெனவே என்னைக் கண்டால் சிலர் வேறு பக்கம் போய்விடுகிறார்கள்.

டிராவல் என்றால், குண்டு குழியில் சக்கரம் மேலே ஏறி இறங்க சஸ்பென்ஷன் விட்டுக்கொடுக்கும் தூரம். கிராஸ் கன்ட்ரி வண்டிகளுக்கு இது 100 முதல் 120 மில்லிமீட்டர். எடை குறைவு, மேட்டில் பறக்கும். டவுன்ஹில் வண்டிக்கு 200. பாறைமேல் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே போகும், ஆனால் அதை மிதித்து மேலே கொண்டுபோவது உலக்கையைச் சுமந்து மாடி ஏறுகிற கதைதான். 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நம் பொன்முடியில் நடந்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை, பாரிஸ் ஒலிம்பிக் தகுதிப் போட்டியும்கூட. கிராஸ் கன்ட்ரி, டவுன்ஹில் இரண்டும் ஒரே மலையில். அந்த வீரர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வண்டி, கூடவே மெக்கானிக். நமக்கு?

கனடாவின் விஸ்லர் பைக் பார்க்கில் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு நீங்கள் சும்மா உட்கார்ந்து உச்சிக்குப் போகலாம். அங்கே 200 மில்லிமீட்டர் வண்டி நியாயம். நம் பக்கம் லிஃப்ட் என்பது இரண்டு தொடைகள்தான். இறங்குகிற ஒவ்வொரு மீட்டரையும் முதலில் மிதித்துச் சம்பாதிக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: முதலில் ஏறுகிற வண்டியாகப் பாருங்கள், அதிலேயே எவ்வளவு இறங்க முடியும் என்று பிறகு கேளுங்கள்.

விடியுமுன் தம்பானூரிலிருந்து பொன்முடிக்குக் கிளம்பி நெடுமங்காடு, விதுரா, கல்லாறு. மொத்தம் சுமார் அறுபது கிலோமீட்டர். கல்லாற்றைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி 1,100 மீட்டரை ஒட்டி. விதுராவில் டீ குடிக்கும்போது கடைக்காரர் அந்தப் பருத்த டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கேறுமோ சேட்டா?" என்று கேட்டார். கேறும் சேட்டா, நன்றாகவே கேறும்!

எப்படி ஏறுகிறது தெரியுமா? சீட் கம்பத்தின் சாய்வு 77 டிகிரியை ஒட்டி, கிட்டத்தட்ட நேர் செங்குத்து. அதனால் இடுப்பு பெடலுக்கு நேர் மேலே உட்கார்கிறது, செங்குத்து மேட்டிலும் முன்சக்கரம் தூக்குவதில்லை. முன்னால் 30 பல், பின்னால் பெரிய கியரில் 51 பல். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது! மெதுவாகத்தான் போவீர்கள், ஆனால் நிற்க மாட்டீர்கள். பின் ஷாக்கில் இருக்கும் நீல நெம்புகோலைத் தட்டினால் சஸ்பென்ஷன் இறுகிவிடும், தார் ரோட்டில் தொம்தொம் என்று ஆடாது. பதினான்கு, பதினைந்து கிலோ வண்டி இது என்பதே மறந்துபோகும். (ஆனையடி மாதிரியான அந்த டயர் தார் ரோட்டில் போடும் இரைச்சல் மட்டும் மறக்காது.)

இறங்கத் திரும்பியதும் வேறு வண்டி. இடது கட்டைவிரலால் ஒரு பொத்தான், சீட் சட்டென்று கீழே போய்விடும். உடம்பைப் பின்னுக்குத் தள்ள, குனிய, சாய இடம் கிடைக்கிறது. டிராப்பர் போஸ்ட் என்கிற இந்தச் சாமான் இல்லாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். பின் ஷாக்கைப் பிடித்திருக்கும் இடத்தில் ஃப்ளிப் சிப் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு. ஆலன் கீயால் கழற்றித் திருப்பி மாட்டினால் முன்கம்பத்தின் கோணம் 0.7 டிகிரி சாயும், பெடல் மட்டம் பத்து மில்லிமீட்டர் தாழும். எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. மேட்டுப்பாதைக்கு உயர்த்தி, பார்க்குக்குத் தாழ்த்தி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், பிறகு பேசுவோம்!

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் மேக்சிஸ் மினியன் டி.எச்.எஃப்., பின்னால் டிசெக்டர், இரண்டும் டியூப்லெஸ். ரோட்டில் முப்பது பி.எஸ்.ஐ.க்கு மேல் அடித்துக்கொண்டு போய், மண்ணில் இறங்குமுன் இருபத்தைந்துக்குப் பக்கமாக இறக்கிவிடுவேன். மழை நின்ற மறுநாள் நம் செம்மண் எப்படி வழுக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். காற்றைக் குறைத்ததும் அந்த ரப்பர்க் குமிழ்கள் மண்ணைக் கவ்வுகிற விதம் கைப்பிடி வழியாகவே தெரியும். உள்ளே ஊற்றும் சீலன்ட் நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பாறைத்தொகுதியில் வேகமாகப் போனால் டவுன்ஹில் வண்டி இதை எளிதில் தோற்கடிக்கும், இதில் கையும் வலிக்கும். சமதளப் பந்தயத்தில் கிராஸ் கன்ட்ரி வண்டி முந்திவிடும். இருக்கட்டுமே!

புதிது கைக்கு எட்டாவிட்டால் பழையது பாருங்கள். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் கீறல் இருக்கிறதா, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, இரண்டும் முக்கியம். சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் 'டபுள் சஸ்பென்ஷன்' சைக்கிளை மட்டும் தொடாதீர்கள், அது மேட்டிலும் ஆடும், பள்ளத்திலும் ஆடும். காட்டுப்பாதை என்றால் வனத்துறை அனுமதி, தேயிலைத் தோட்டம் என்றால் எஸ்டேட் அனுமதி, பார்க் என்றால் முகம் மூடிய ஹெல்மெட். இன்னும் நம்பிக்கை வரவில்லையா? தம்பானூர் பக்கம் வரும்போது சொல்லுங்கள், என் வண்டியையே தருகிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.