ஸ்டீயரிங் பெட்டியைத் திருகும் முன்

1986-ல் சாலைக்கு வந்த டாட்டா 407 இன்றும் காய்கறி மண்டிகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. வயதான வண்டிகளில் எஞ்சின் தெம்பாக இருக்கும், முன்பக்கம்தான் தள்ளாடும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாலும் வண்டி நேரே போகும். வேகமெடுத்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன்சக்கரம் இரண்டும் குலுங்கும்.

பல பட்டறைகளில் முதலில் கை போவது ஸ்டீயரிங் பெட்டியின் அட்ஜஸ்ட் ஸ்குரூவுக்குத்தான். லாக் நட்டைத் தளர்த்தி ஒரு திருகு. ஆட்டம் போனதுபோலத் தெரியும், கூலியும் குறைவு. ஆனால் பெட்டியின் பற்கள் தேய்வது அதிகம் புழங்கும் நடு இடத்தில். அங்கே இறுக்கினால் வளைவில் பிடித்துக்கொள்ளும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. குலுக்கலோ அப்படியே இருக்கும்.

சரியான சோதனைக்கு ஒரு ஜாக்கியும் ஸ்டாண்டும் துணைக்கு ஓர் ஆளும் போதும். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் கீழே டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். அசைவு எந்த மூட்டைத் தாண்டவில்லையோ, கோளாறு அங்கே. பிறகு ஆக்சிலைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்கலாம். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்.

கிங் பின் வேலை பொறுமையைச் சோதிக்கும். இறுகிப்போன பின்னைப் பிரஸ்ஸில் தள்ளி எடுக்க வேண்டும். புது புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிளுக்கு நேராக அமைய வேண்டும்; மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் ஓட்டாவிட்டால் புது செட்டும் வீண். மேல்-கீழ் ஆட்டத்துக்கு ஷிம். கிரீஸை ஆக்சிலைத் தூக்கி வைத்து அடிப்பதே நல்லது; பாரம் அழுத்தும்போது அது தேவையான இடத்துக்குச் சரியாகப் போகாது.

யூ போல்ட், ஸ்பிரிங் பட்டை பின் புஷ், டயர் பேலன்ஸ் ஆகியவற்றையும் கையோடு பார்த்துவிடலாம். கடைசி வேலை டோ-இன் அலைன்மென்ட். மூட்டுகளில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது காசுக்குக் கேடு. ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினால் குலுக்கல் அடங்கும், தேய்மானம் அடங்காது.

வண்டியை எடுக்கும் முன் டை ராடு நட்டுகளில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பழையதை நிமிர்த்திப் போட்டிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள்.