ஒருமையில் பேசும் எழுத்து

தமிழில் ஒருத்தரிடம் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்துவிடுகிறோம். 'வா'வா, 'வாங்க'வா? பாக்கெட்டின் மேல் இருக்கும் எழுத்தும் அந்த முடிவை எடுக்கிறது. நேராக நிமிர்ந்து நிற்கும் எழுத்து 'வாங்க' என்கிறது. உருண்டு திரண்டு, வரிக்கு மேலும் கீழும் குதிக்கும் எழுத்து 'வாடா' என்கிறது. டிசைனர்கள் பிளேஃபுல் ஃபாண்ட் என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். 'வாடா'வில் பிரியமும் இருக்கலாம், இளக்காரமும் இருக்கலாம். யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய 'பலூ' எழுத்துருக் குடும்பத்துக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரியும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் இதன் பெயர்களைப் பாருங்க: மலையாளத்துக்கு பலூ சேட்டன், வங்காளத்துக்கு பலூ தா, பஞ்சாபிக்கு பலூ பாஜி, தமிழுக்கு பலூ தம்பி. ஒவ்வொரு மொழியிலும் ஒரு உறவுமுறை. மலையாளிக்கு அண்ணன் கிடைத்தான், நமக்குத் தம்பி கிடைத்திருக்கிறான். தடித்த, மூலை மழுங்கிய அந்த எழுத்து ஒரு தம்பியைப் போலத்தான் பேசுகிறது. பால் ஐஸ், ஸ்கூல் பை, குழந்தைப் புத்தகம் என்றால் அருமையாகப் பொருந்தும். எழுத்துருவில் தப்பே இல்லை. அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியோடு கல்வராயன் மலைக்குப் போகலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு பாகம், சேலம் பக்கம் இன்னொரு பாகம். அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தார்கள். சாமை, தினை, தேன், புளி, கடுக்காய் எல்லாம் அங்கிருந்து கீழே இறங்குகின்றன. இறங்கியதும் அவற்றுக்கு ஒரு லேபிள் வேண்டும். நகரத்து ஆர்கானிக் கடைகளில் மலைப்பொருள் வரிசையை ஒருமுறை பாருங்க. மூங்கில் துண்டுகளை அடுக்கியது போன்ற எழுத்து, கல்லில் கொத்தியது போல் பிசிறடிக்கும் எழுத்து, சொட்டுச் சொட்டாக ஒழுகும் எழுத்து. பக்கத்திலேயே சமவெளியின் பொன்னி அரிசி நிமிர்ந்த எழுத்தில், தங்கக் கரை போட்டு நிற்கும். இரண்டும் தானியம்தான். ஒன்றுக்கு 'வாங்க', இன்னொன்றுக்கு 'வா'.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஜெர்மனியின் ருடால்ஃப் கோக் 1923இல் 'நியூலேண்ட்' என்று ஒரு எழுத்துருவை உருவாக்கினார். வரைபடம் போடாமல் நேராக உலோகத்தில் வெட்டிய எழுத்து. ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் முரட்டுத்தனமாகத் தெரிந்ததால், போகப் போக அமெரிக்க விளம்பர உலகில் காடு, வேட்டை, ஆப்பிரிக்கா என்றாலே அதைத்தான் எடுத்தார்கள். 'ஜுராசிக் பார்க்' படத்தின் பெயர்கூட அந்த வகைதான். ஒரு கண்டத்து மக்களுக்கும் டைனோசருக்கும் ஒரே எழுத்து. உட்கார்ந்து யோசித்து யாரும் அவமானப்படுத்தவில்லை. மெனுவில் கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள், அவ்வளவுதான். அதனாலேயே இது லேசில் மாறுவதில்லை.

மரியாதையை விடுங்க, வாசிக்கவாவது முடிகிறதா? தினையை எடுத்துக்கொள்வோம். ரெண்டு சுழி ன போட்டால் தானியம், மூணு சுழி ண போட்டால் திணை, குறிஞ்சி முல்லை சமாச்சாரம். தடித்த எழுத்துருவைச் சின்ன லேபிளில் அச்சடித்தால் மை பரவிச் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துபோகும். ன எது, ண எது என்று தெரியாது. காலையும் ர-வையும் ஒன்றுபோலவே போடும் ஃபாண்டில் சாமை 'சரமை' ஆகிவிடும். ஓலைச்சுவடியில் பல நேரம் புள்ளியே இருக்காது, படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். கடையில் அரை நொடி நிற்கிறவர் அப்படிச் செய்ய மாட்டார். தமிழ் எழுத்தில் விளையாட இடம் நிறைய உண்டு. ஆனால் சுழிக்குள் விளையாடினால் சொல்லே மாறிவிடும்.

ஒழுகும் எழுத்துக்கு இன்னொரு சிக்கல். 'தேன்' என்ற சொல்லின் மேல்புள்ளியைத் துளியாக்கி, ஓரங்களைச் சொட்டவிடுவது டிசைனர்களுக்குப் பிடித்த வேலை. பேய்ப்படத் தலைப்பும் அதே மாதிரிதான் சொட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர்ப்பெயரின் முதல் பாதியை வைத்துச் சிரித்தவர்கள் அந்த வாரத்திலும் இருந்தார்கள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. இதெல்லாம் நடந்த ஊரின் பெயரைப் பாட்டிலில் சொட்டும் எழுத்தில் போட்டால், வாங்குகிறவருக்குத் தேன்தான் ஞாபகம் வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? எழுத்து தனியாக வருவதில்லை. ஊரின் கதையையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது.

'அப்போ எல்லாவற்றையும் அரசாங்க நோட்டீஸ் மாதிரி போடணுமா?' என்று கேட்கலாம். வேண்டாம். பரிதாபம் வடியும் தொண்டு நிறுவன எழுத்தும் ஒருவகை இளக்காரம்தான். மலைக்காரர்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்று அதுவும் நினைக்கிறது. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' எழுத்துருவைப் பாருங்க. சாய்ந்து நடக்கிறது, கையெழுத்து வாடை இருக்கிறது, ஆனால் யாரையும் குழந்தையாக்கவில்லை. இன்னொரு வழி நம் எழுத்துக்குள்ளேயே கிடக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு லை, னை இரண்டும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. 'மலை'யிலும் 'தினை'யிலும் அந்தத் தும்பிக்கை உண்டு. தாத்தா பாட்டிகள் தடுமாறாமல் வாசிப்பார்கள், நாமும் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வோம். மலைத்தேன் பாட்டிலில் அந்தப் பழைய லை ஏறினால் அது நிஜமாகவே விளையாட்டு. எவரையும் கிண்டல் செய்யாத விளையாட்டு.

தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். பொருளின் பெயருக்குப் போட்ட அதே எழுத்தில், அதை விளைவித்தவரின் முழுப்பெயரை எழுதிப் பாருங்க. வெள்ளிமலைப் பக்கம் சாமை விதைக்கிற ஒரு அம்மாவின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்க. அது அவருடைய வீட்டுக் கதவில் ஒட்டக்கூடியதாக இருக்கிறதா, கார்ட்டூன் மாதிரி இருக்கிறதா? கார்ட்டூன் மாதிரி இருந்தால் ஃபாண்டை மாற்றுங்க. முடிந்தால் அச்சுக்குப் போகும் முன் அவரிடமே காட்டுங்க. தாளில் அச்சடித்த மாதிரி லேபிளாக, பாட்டில் அளவிலேயே. அவர் சிரிக்கிறாரா, எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கவனியுங்க.