மாக்கோழியும் மேசைக் கூத்தும்

ஏலக்காய், மிளகு வியாபாரமாகக் குமுளிக்கும் பாலக்காட்டுக்கும் அலைந்தே வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பூர்வீகம் வந்தவாசிப் பக்கம், சமணக் குடும்பம். கடையடைத்த பிறகு படித்த தமிழ்தான் என் படிப்பு. மலர்க் குழு அன்பர்கள் சமண காப்பியம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன், ஆனால் என் பேரன் ஆடும் ஒரு விளையாட்டின் வழியாகத்தான் எழுத வருகிறது. அன்பர்கள் பொறுத்தருள்க.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று வாயால் சொல்கிறார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். பார்க்க ஆள் வேண்டாம், ஆடுகிறவர்களே பார்க்கிறவர்கள். பாலக்காட்டில் வாழும் நமக்கு இது அவ்வளவு புதிதா என்ன? பகவதி கோயில் கூத்துமாடத்தில் இருபத்தொரு விளக்குகளை ஏற்றி, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கம்பன் சொன்ன யுத்தத்தைப் புலவர்கள் விடியவிடியக் கேள்வியும் பதிலுமாகப் பேசுகிறார்கள். எதிரே ஒருவரும் இல்லாத இரவுகளும் உண்டு. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பகவதிக்காக ஆடுவது என்பது ஐதீகம்.

பேரன் ஆடுவது பேய்க்கதை வகை. 'கால் ஆஃப் கதுலூ' என்று பெயர். லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதைகளை வைத்து சாண்டி பீட்டர்சன் அமைத்தது, 1981இல் வெளிவந்தது. வெட்டு, பிணம் என்று பேச்சு காதில் விழுந்ததும், "நம்ம வீட்டுல இது வேண்டாம்" என்று நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் பையன் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

தடுத்ததற்கு ஆதாரம் யசோதர காவியம். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. ஆசிரியர் பெயர் தெரியாதது. தீக்கனவு கண்டதாகச் சொன்ன மன்னனைத் தாய் சந்திரமதி உயிர்ப்பலி கொடுக்கச் சொல்கிறாள். அவன் மறுக்கிறான். சரி, மாவினால் கோழி செய்து வெட்டு என்கிறாள். வெட்டினான். மாவுதான், ரத்தம் கிடையாது. ஆனாலும் தாயும் மகனும் மயில், நாய், மீன், முதலை, ஆடு என்று பிறவி பிறவியாக வெட்டுப்பட்டுச் சாகிறார்கள். வினை கையில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது என்பது எங்கள் சமயத்தின் கட்சி. கேரளத்தில் 1968இல் கோயில் உயிர்ப்பலியைத் தடுக்கச் சட்டம் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரைக் குருதி என்று ஊற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாக்கோழி நினைவுதான் வரும். உயிர் பிழைத்தது, நல்லது. எண்ணம் என்ன ஆயிற்று?

இதைப் பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன், "தாத்தா, அந்தக் காவியம் முழுக்க வெட்டுதானே? அதை மட்டும் படிக்கலாமா?" என்றான். பதில் உடனே வரவில்லை. அந்தக் கதை சொல்லப்படும் இடத்தை நான் மறந்திருந்தேன். சண்டமாரி கோயிலில், ஓங்கிய வாளுக்கு முன்னால் நின்றுகொண்டு அபயருசி என்ற இளைஞன் தன் பழைய பிறவிகளைச் சொல்கிறான். கேட்ட மாரிதத்தன் வாளைத் தாழ்த்துகிறான். அத்தனை வெட்டையும் சொன்னது ஒரு வெட்டை நிறுத்தத்தான். ஆகவே கதையில் கொலை உண்டா என்று கேட்டுப் பயனில்லை. அது கேட்பவனுக்குக் கொலையை ருசிக்க வைக்கிறதா, கூச வைக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த உரைகல்லில் விளையாட்டை உரசிப் பார்த்தேன். இவ்வகைக்கு மூத்தது 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அரக்கனைக் கொன்றாலும் புதையலை எடுத்தாலும் புள்ளி ஏறும், ஆள் பலசாலி ஆவான். பேய்க்கதை ஆட்டத்தில் கணக்கு தலைகீழ். சானிட்டி என்று, அதாவது சித்தத் தெளிவுக்கு, ஒரு எண் வைத்திருக்கிறார்கள். கோரத்தைக் கண்டால் அது குறையும். ரகசிய ஏடுகளைப் படித்து அறிவு கூடக்கூட, அதன் உச்ச வரம்பே தாழ்ந்துவிடும். எதிரே வருவதோ துப்பாக்கிக்கு அடங்காது. சண்டைக்கு நின்றவன் பெரும்பாலும் செத்தான். ஓடி ஒளிந்து, யோசித்து, விசாரித்துப் பிழைக்க வேண்டும். வன்முறை இங்கே பரிசு இல்லை, செலவு. வியாபாரிக்கு இந்தப் பாஷை புரியும்.

குறையும் சொல்ல வேண்டும். அதே நூலில் ஆயுதப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. பைத்தியத்தைப் பகடைப் புள்ளியாக்கியதும் எனக்கு ஒப்பவில்லை; அப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது விளையாட்டல்ல. ஒரு ஏற்பாடு மட்டும் மிகவும் பிடித்தது. எக்ஸ் என்று எழுதிய அட்டை ஒன்றை மேசை நடுவில் வைக்கிறார்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் கொண்டுவந்தது. பலரும் எந்த ஆட்டத்திலும் வைத்துக்கொள்கிறார்கள். யாருக்காவது ஒரு காட்சி பொறுக்கவில்லை என்றால் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று மூன்றையும் ஒரே வினையாக எண்ணுகிறவர்கள் நாங்கள். உடன்பட மறுக்க ஒரு அட்டை! மாவைப் பிசையும்போதே யசோதரனுக்கு ஒன்று கிடைத்திருக்கலாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு நானே உட்கார்ந்தேன். பொழுது சாயும் முன்பே சாப்பிட்டுவிட்டேன். பையன்கள் பஃப்ஸும் டீயுமாக இருந்தார்கள். எனக்கு ஒரு நூலகர் பாத்திரம். ஆயுதம் தந்தார்கள், வேண்டாம் என்றேன். பழைய பங்களாவில் ஏதோ ஒன்று எங்களைத் துரத்தியது. பகடை எனக்குச் சாதகமாக விழுந்தது. உள்ளறைக்குள் ஓடி, "கதவைச் சாத்தித் தாழ் போடறேன்" என்றேன். என் பேரனின் பாத்திரம் வெளியில் இருந்தது. கதை நடத்தியவன் கோரமாக ஒன்றும் சொல்லவில்லை. கதவு தட்டும் சத்தத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டிக் காட்டினான். ஐந்தாறு முறை. பிறகு நிறுத்திவிட்டான்.

"தாத்தா, நீங்க யாரையும் கொல்லலை" என்றான் பேரன். கேலி இல்லை, உண்மையாகத்தான் சொன்னான். எக்ஸ் அட்டை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தட்டும்போது அதைத் தொட எனக்குத் தோன்றவில்லை.

படுக்கும் முன் அன்றைய பிழைகளை எண்ணிப் பொறுத்தருள வேண்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று அந்தக் கதவையும் சேர்த்துச் சொன்னேன். வருகிற ஞாயிறு எங்கள் வீட்டு மேசையில் ஆட்டம், வரச் சொல்லியிருக்கிறேன்.