மாறாத எண்ணும் மாறவேண்டிய எண்ணும்

கணினியின் அடையாள எண் நிலையானதா என்று சோதிக்கப் பெரும்பாலும் ஒன்றுதான் செய்கிறார்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, கணினியை ரீபூட் செய்து, அதே எண் வந்தால் தேறியதாக எழுதிவிடுகிறார்கள். லினக்ஸின் மெஷின்-ஐடி வழக்கமான நிறுவலில் இதில் தோற்க வழியே இல்லை. நிறுவும்போதோ முதல் பூட்டிலோ உருவாகும் 128 பிட் எண், 32 பதினறும இலக்கங்களாக ஒரு கோப்பில் எழுதப்படுகிறது, பிறகு வாசிக்கப்படுகிறது. நேற்று டிஸ்கில் எழுதியது இன்றும் அங்கே இருக்கிறது என்பதைத் தவிர இந்தச் சோதனை எதையும் நிறுவவில்லை.

அடையாளத்துக்கு இன்னொரு கடமை உண்டு: இரண்டு கணினிகளுக்கு இரண்டு எண்கள் இருக்கவேண்டும். உபுண்டு 18.04 சர்வரை மெய்நிகர் கணினியில் நிறுவி, அதை அப்படியே குளோன் செய்து பாருங்கள். மேக் முகவரிகள் வேறாக இருந்தாலும் மெஷின்-ஐடி ஒன்றே. ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் ஒவ்வொரு கணினியும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது மெஷின்-ஐடியிலிருந்து பிறந்த எண்ணால். ஆகவே இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைத்து, இணைப்பு மாறி மாறி அறுகிறது. ரீபூட் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய அதே எண்தான் இது.

அப்படியானால் வன்பொருளின் எண்ணை நம்பலாமா? மதர்போர்டின் யுயுஐடி, இயங்குதளத்தை மறுபடி நிறுவினாலும் மாறாது. அது பெரிய பலம். ஆனால் தயாரிப்பாளர் நிரப்பாமல் விட்ட பல போர்டுகளில் 03000200-0400-0500-0006-000700080009 என்ற ஒரே எண் உட்கார்ந்திருக்கிறது. மேக் முகவரி நெட்வொர்க் கார்டுக்கு உரியது. கார்டை மாற்றினால் போயிற்று.

என் தீர்ப்பு இது: மெஷின்-ஐடி நல்ல எண், ஆனால் அது இயங்குதள நிறுவலின் பெயர், பெட்டியின் பெயர் அல்ல. டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் எண்ணும் கூடவே போகும். பதிவேடுகளைச் சேர்த்துப் பார்க்க அது போதும். பெட்டிக்கு உரிமம் கொடுக்கப் போதாது. எனவே ரீபூட், கெர்னல் மேம்படுத்தல், டிஸ்க் இடமாற்றம், மறுநிறுவல், குளோன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எண் மாறவேண்டுமா கூடாதா என்று முன்கூட்டியே எழுதிவைத்துச் சோதிக்கவேண்டும். குளோன் இல்லாத சோதனையை நான் ஏற்கமாட்டேன். அதில் தேறுவது கடினமும் அல்ல: குளோன் எடுக்குமுன் மெஷின்-ஐடி கோப்பை வெறுமையாக்கிவிட்டால், ஒவ்வொரு குளோனும் முதல் பூட்டில் தனக்கென ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்ளும்.