குச்சிகளை எண்ணினோம், மிட்டாயை மறந்தோம்

1988-இல் வெளிவந்த ‘ரெயின் மேன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்டவர்களிடம், அப்படத்தில் நினைவில் நிற்பது யாது என்று வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். உணவு விடுதியொன்றில் பணிப்பெண்ணின் கையிலிருந்த பெட்டி கவிழ்ந்து, பல்குத்தும் குச்சிகள் தரையில் சிதறுகின்றன. ரேமண்ட் என்னும் நடுவயதினர் ஒருமுறை நோக்கிவிட்டு 246 என்கிறார். பெட்டியில் இருந்தவை 250 ஆயிற்றே என்று தம்பி சலித்துக்கொள்ள, நான்கு குச்சிகள் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன என்பது தெரியவருகிறது. காண்போர் நிமிர்ந்து உட்காரும் இடம் அது.

அதே படத்தில் வேறொரு காட்சியும் உண்டு. சிற்றூர் மருத்துவர் ஒருவர் ரேமண்டைச் சோதிக்கிறார். 4343-ஐ 1234-ஆல் பெருக்கினால் என்ன என்று கேட்க, 5359262 என்று நொடியில் விடை வருகிறது. இவரை விண்வெளித் துறையில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தம்பி வியக்கிறான். ஆனால் ஒரு டாலரில் ஐம்பது சென்ட் செலவழித்தால் மீதி எவ்வளவு என்றால், ஏறத்தாழ எழுபது என்கிறார் ரேமண்ட். மிட்டாய் ஒன்றின் விலை அவருக்கு நூறு டாலர். சிறிய கார் ஒன்றின் விலையும் நூறு டாலர்தான்.

இப்படத்தின் உயிர் இக்காட்சியில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. பெரும்பெருக்கல் அறிந்த மனிதர் கடைக்குச் சென்று ஒரு மிட்டாய் வாங்கிவர இயலாதவர் என்பதை அது ஒளிக்காமல் காட்டிவிட்டது. உலகமோ குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு மிட்டாயை விட்டுவிட்டது. பின்னர் வந்த படங்கள் பலவும் அவ்வாறே செய்தன.

படத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சிறந்த படம், இயக்கம், நடிப்பு, மூலத் திரைக்கதை என நான்கு ஆஸ்கார் விருதுகளை 1989-இல் அது பெற்றது. டஸ்டின் ஹாஃப்மனின் நடிப்பு அதற்குத் தகுதியுடையதே. ஆட்டிசம் என்னும் சொல்லையே அப்படத்தால்தான் பலர் முதன்முதலாகக் கேட்டனர். 1943-இல் மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தும், நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் பொதுமக்களை எட்டாத செய்தியை ஒரு திரைப்படம் எட்டச் செய்தது. மேலும், ரேமண்டை அது ‘குணப்படுத்த’ முயலவில்லை. மாறுகிறவன் தம்பியே. சொத்துக்காக அண்ணனைக் கடத்திவந்தவன், குளியலறையில் வெந்நீர் கொட்டும் ஓசைக்கு அண்ணன் அலறுவதைக் கண்டு, குழந்தையாயிருந்த தனக்குத் தீங்கு நேருமென்று அஞ்சியே அண்ணனை விடுதிக்கு அனுப்பினர் என்பதை அறிகிறான். அந்த இடத்தில் கணிதமும் இல்லை, வித்தையும் இல்லை. அதனாலேயே அது நெஞ்சைத் தொடுகிறது. அதன்பின், அண்ணனுக்குப் புத்தாடை அணிவித்து லாஸ் வேகாஸ் சூதாட்ட மேசையில் சீட்டுகளை எண்ண வைக்கும் பகுதியில் படம் தன் நேர்மையைச் சற்றே அடகு வைத்துவிடுகிறது.

இக்கதைக்குத் தூண்டுதலாக அமைந்தவர் கிம் பீக் (1951–2009). கதாசிரியர் பேரி மாரோ அவரை 1984-இல் சந்தித்தார். ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் நூல்களின் செய்திகளை நினைவில் வைத்திருந்தவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வது அவருக்குக் கடினம். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக்கற்றை பிறவியிலேயே இல்லாதவர். ஆட்டிசம் உடையவர் அல்லர் என்பதே பின்னாளைய முடிவு. ஆக, ஆட்டிசத்தின் முகமாக உலகம் கொண்ட உருவத்தின் மூலமே ஆட்டிசம் அன்று! மற்றொன்றும் கருதத்தக்கது. கதையில் ரேமண்ட் இறுதியில் விடுதிக்கே திரும்புகிறார். கிம் பீக்கையோ, குழந்தைப் பருவத்தில் விடுதியில் சேர்த்துவிடுமாறு மருத்துவர் கூறியும், பெற்றோர் வீட்டிலேயே வளர்த்தனர். அவர் இறக்கும்வரை உடனிருந்து பேணியவர் தந்தை. அந்தத் தந்தைக்குத் திரைக்கதையில் இடமில்லை.

இத்தகைய அருந்திறன் உடையோரை ஆங்கிலத்தில் ‘சாவன்ட்’ என்பர். ஆட்டிசம் உடையோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடமே ஏதேனும் ஒரு தனித்திறன் காணப்படுவதாக 1978-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் வெளியிட்ட ஆய்வு கூறியது. அவருள்ளும் வியக்கவைக்கும் ஆற்றலர் மிகச் சிலரே. திரையிலோ எஞ்சிய ஒன்பதின்மரைத் தேடித்தான் காண வேண்டும். (சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் போற்றிய மரபினர் நாம், நினைவாற்றலைக் கண்டால் கைதட்டுவது நம் இயல்பு. அவதானம் பயின்று பெற்ற கலை என்னும் வேறுபாட்டை அப்போது மறந்துவிடுகிறோம்.)

இந்தியப் படங்களுக்கு வருவோம். ‘யுவராஜ்’ (2008) படத்தில் அனில் கபூர் ஏற்ற அண்ணன் இசையில் வல்லவர். ‘மை நேம் இஸ் கான்’ (2010) நாயகர் பழுதான எதையும் சீர்செய்பவர். அமெரிக்க அதிபரையே காணச் செல்பவர். தமிழில் குமாரவேலன் இயக்கிய ‘ஹரிதாஸ்’ (2013) இவற்றினும் மண்ணில் கால் ஊன்றிய படம். மகனைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் காவல்துறைத் தந்தையாகக் கிஷோர் நடித்திருக்கும் பகுதிகளை இன்னும் பலமுறை காணலாம். எனினும் அச்சிறுவனும் ஓட்டத்தில் வல்லவன் என்று கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே கதை மூச்சு விடுகிறது. ‘பர்ஃபி’ (2012) ஒன்றே ஜில்மில் என்னும் பெண்ணிடம் எந்த வித்தையையும் கேளாமல் அவளுக்கு அன்பை அளித்தது.

ஆனால் பர்ஃபியிலும் ஒரு பொருள் தவறாமல் வருகிறது: சொத்து. ரேமண்டின் பெயரில் முப்பது லட்சம் டாலர். யுவராஜில் தந்தையின் செல்வம். ஜில்மிலுக்குப் பாட்டனார் விட்டுச்சென்ற பணம். திறனில்லையேல் செல்வமாவது வேண்டும் போலும், கதையில் நுழைய! ஆயினும் இங்கே திரைப்படங்கள் தம்மை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டன. ‘எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?’ என்பதே இத்தகைய பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. தாத்தாவும் பாட்டியும் ஊரில் இருக்க, மாற்றலாகிய நகரங்களில் தனித்து வாழும் நம் போன்ற குடும்பங்களில் அக்கேள்வி இன்னும் கூர்மையானது. ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகள் உடையோர்க்குப் பதினெட்டு வயதுக்குப் பின்னும் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்துள்ளது. அதற்காக மாவட்ட அளவிலான குழுவின்முன் விண்ணப்பத்துடன் நிற்கும் ஒரு தந்தையை எந்தப் படத்திலும் நாம் கண்டதில்லை.

நமக்கு அறிமுகமான தமிழ்க் குடும்பம் ஒன்று அரசுக் குடியிருப்பில் வாழ்கிறது. பதினான்கு வயது மகன். பேச்சு மிகக் குறைவு. வீட்டுக்கு வருவோர், “தேதி சொன்னால் கிழமை சொல்வானாமே?” என்பர். அவ்வாறு கேட்டவர்களுள் நாமும் ஒருவரே, மறைப்பதற்கில்லை. இக்கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, கீபோர்டு வாங்கினர். ஓவிய வகுப்பில் சேர்த்தனர். சதுரங்கப் பலகையும் வந்தது. ஒன்றும் ஒட்டவில்லை. “ஏதோ ஒண்ணு இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, அண்ணா. இவன்கிட்ட அதுகூட இல்லையே” என்று ஒருநாள் அத்தாய் கூறினார். பிள்ளையின் நிலையை ஏற்றுக்கொண்டிருந்த தாய்க்கு இந்த இரண்டாவது ஏமாற்றத்தைக் கொடுத்தது எது? மருத்துவம் அன்று.

2025-இல் ‘சிதாரே ஜமீன் பர்’ என்னும் இந்திப் படத்தை நம்மவரான ஆர். எஸ். பிரசன்னா இயக்கினார். ஸ்பானியப் படமொன்றின் தழுவல்தான்; பயிற்சியாளரின் மனமாற்றம் என்ற பழைய தண்டவாளத்திலேயே ஓடுவதுதான். ஆயினும் அறிவு வளர்ச்சியில் வேறுபட்ட பதின்மரே அதில் அப்பாத்திரங்களை ஏற்று நடித்தனர். அவர்களுள் எவரும் குச்சிகளை எண்ணிக் காட்டவில்லை. அவர்கள் சிரிக்கிறார்கள், பிடிவாதம் பிடிக்கிறார்கள், பந்தைத் தவறவிடுகிறார்கள். புகழ்பெற்ற நடிகர் ஒருவர் தலையைச் சாய்த்து விழியை உருட்டிப் பெறும் பாராட்டைவிட, அந்தத் தவறவிடுதல் நமக்கு நிறைவளித்தது.

மேற்குறித்த சிறுவன் இப்போது பால் பூத்துக்குச் சென்று, நோட்டைக் கொடுத்து, பால் பையையும் மீதிச் சில்லறையையும் வாங்கி வருகிறான். அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் ஓராண்டு தாய் சாலையின் மறுபுறம் மரத்தடியில் மறைந்து நின்றார்.