அணிநடையில் ஓர் இடம்

தை, மாசி வந்தால் இலங்கைப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இல்லம், ஒரு நிறம். ஓட்டத்தில் தேறாதவன் அணிநடைக்குப் போவான். அதுவும் வராதவளுக்கு இல்ல அலங்காரத்தில் தோரணம் கட்டும் வேலை இருக்கும். வேகமில்லாதவர்களையும் விட்டுவிடாத நல்ல வழக்கம் இது. ஆனால் விசேட கல்வி அலகில், சக்கர நாற்காலியைவிட்டு இறங்க முடியாத பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது தனியாக ஒரு நிகழ்ச்சி, பலத்த கைதட்டல், கையில் ஒரு பரிசு. இல்லத்தின் புள்ளிக் கணக்கில் அது ஏறுவது அரிது. புள்ளி சேராத போட்டியைப் போட்டி என்று எந்தப் பிள்ளையும் நம்பாது.

சட்டத்தில் இந்தியா ஒரு படி முன்னே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு பள்ளிகளில் விளையாட்டு வாய்ப்பும் சமமாக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவோ, கல்வியைப் பொறுத்தவரை, சேர்க்கையோடு நின்றுவிடுகிறது.

ஆனால் அதே இந்தியாவில், கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் தெரிவைத் தந்தது. தமிழ்நாட்டில் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருகிறார், நல்ல உதவிதான். பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், ஆண்டு விழாவில் ஆள் இருக்காது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவுக்கு அழைத்துப்போனாலும், அங்கே சேர்ந்து ஆட அந்தப் பிள்ளையின் தெருவில் உள்ள பிள்ளைகள் இல்லை.

கேரளம் 2024இல் கொச்சியில் நடந்த மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவிலேயே மாற்றுத்திறன் மாணவர்களையும் சேர்த்தது. சரியான திசை. ஆனாலும் ஓடவோ எறியவோ முடியாத பிள்ளைக்கு ஆட்டமே வேறாக வேண்டும். போச்சியா அப்படியொன்று. வெள்ளைப் பந்துக்கு அருகே சிவப்பு, நீலப் பந்துகளை உருட்ட வேண்டும். கை இயங்காதவர் தலையில் கட்டிய கோலால் பந்தைத் தள்ளிச் சரிவுப் பலகையில் உருட்டலாம். பலகையைத் திருப்பும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. குறி பார்ப்பது ஆட்டக்காரர் மட்டுமே. சரிவுப் பலகைக்குப் பதிலாக, நெடுக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயே பள்ளிக்குப் போதும். இதை இல்லப் போட்டியில் சேர்த்துப் புள்ளியும் கொடுக்க என்ன தடை?

தடை பந்தில் இல்லை. மாலை ஒத்திகை முடியும்வரை கூட இருப்பது யார், கழிப்பறைக்குத் தூக்கிப்போவது யார்? பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அந்த வேலை இன்னும் அம்மாவின் தலையில்தான். ஆளைப் போட்டுக் கூலி கொடுப்பதற்குப் பதிலாகத்தான் தனி நிகழ்ச்சியும் கைதட்டலும்.