கே. எஸ். பாலச்சந்திரனும் யாழ்ப்பாணப் பேச்சும்

கே. எஸ். பாலச்சந்திரனை நகைச்சுவை நடிகர் என்று மட்டும் நினைவுகூர்வது அவருடைய உழைப்பின் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. 1944இல் கரவெட்டியில் பிறந்து 2014இல் கனடாவில் மறைந்த அவர் வானொலி, மேடை, திரை, எழுத்து என்று நான்கு துறைகளில் இயங்கினார். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே முயற்சிதான் தெரிகிறது: யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் எவ்வளவு கனத்தைத் தாங்கும் என்று அவர் வாழ்நாள் முழுவதும் சோதித்துப் பார்த்தார். அதைத் தொடங்கிவைத்தவர் அவரல்லர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அந்த வழக்கில் நாடகங்கள் எழுதி 1940இல் 'நானாடகம்' என்று நூலாக்கினார். பிறகு இலங்கை வானொலியில் 'சானா' சண்முகநாதன் நாடகங்களைத் தயாரித்த காலத்தில், இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' போன்றவை அதே பேச்சை வீடுகளுக்குள் கொண்டுபோயின. பாலச்சந்திரன் இந்த வழியில் வந்தவர்.

வானொலியில் உடுப்பும் இல்லை, முகமும் இல்லை. பாத்திரத்தின் ஊர், வயது, தொழில், அப்போதைய மனநிலை எல்லாவற்றையும் குரல்தான் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியின் உச்சம் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பு. பஸ் நடத்துநர் ஒருவரின் குரல் மட்டுமே கேட்கிறது. பயணிகள் என்ன சொன்னார்கள் என்பதை அவருடைய பதிலிலிருந்து நாமே ஊகித்துக்கொள்கிறோம். ஒரே ஆள் ஒரு வண்டிச் சனத்தையே உண்டாக்கிவிடுகிறார். இதை எழுதுவதற்கு நாடக ஆசிரியனின் கணக்கு வேண்டும், நடிப்பதற்கு ஒலிபரப்பாளனின் காது வேண்டும்.

ஊர்ப்பேச்சை மேடையேற்றுவது ஊர்ச்சனத்தைக் கேலிப்பொருளாக்குவதுதானே என்று கேட்கலாம். மலிவான நகைச்சுவைகளுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். இங்கே நாம் சிரிப்பது நெரிசலையும் அவசரத்தையும் பார்த்து. அந்த நெரிசலைச் சமாளிக்கும் நடத்துநரின் சாமர்த்தியத்தை மெச்சியபடியே சிரிக்கிறோம். அதைவிட வலுவான பதில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்'. பாலச்சந்திரன் நடித்த அந்த வானொலித் தொடரில் அதே பேச்சு ஒரு குடும்பத்தின் துயரத்தைச் சுமந்தது. கேட்டவர்கள் அந்தக் குடும்பத்துக்காகக் கண்ணீர் விட்டார்கள்.

திரையில் இந்த முயற்சி அவ்வளவு தூரம் போகவில்லை. 'அவள் ஒரு ஜீவநதி', 'ஷார்மிளாவின் இதய ராகம்' போன்ற படங்களில் அவர் நடித்தார். ஆனால் தமிழகப் படங்களோடு போட்டியிட்டே வாழவேண்டியிருந்த ஈழத்துத் தமிழ்த் திரைக்கு வானொலியின் துணிவு வாய்க்கவில்லை. குரலின் துணையில்லாத அச்சுக்கு இந்தக் கலை வராது என்பது இன்னொரு மறுப்பு. கடலோர மீனவரின் வாழ்க்கையை எழுதிய 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' நாவலை அதற்குப் பதிலாக வைக்கலாம். பல ஆண்டுகள் செவிக்காக எழுதியவர் தாளில் எழுதும்போது எதை விட்டுவிட்டார், எதைக் காப்பாற்றினார் என்று அறிய, அந்த நாவலை 'அண்ணை றைற்' ஒலிப்பதிவோடு சேர்த்தே படிக்க வேண்டும்.